பதினேழு வயதில் எங்கே நின்றீர்கள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைப் பற்றியவை. பெரியவர்கள் இளம்பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இளம்பிள்ளைகள் பெரியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இடையில் நிற்பவர்கள் இரண்டு பக்கத்தாலும் ஏச்சு வாங்குவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வயது 74. அரச சேவையில் இருந்து ஓய்வுபெற்றவன். என் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துக் கம்பஸ் போனவர்கள். பேரப்பிள்ளைகளுக்கு மேசை, மின்விசிறி, இன்ரநெற் எல்லாம் இருந்தும் ஒரு பக்கத்தைப் பொறுமையாக வாசிக்கத் தெரியவில்லை. எந்நேரமும் போன். இந்தத் தலைமுறை உருப்படும் என்று நினைக்கிறீர்களா?
(ஓர் அப்பப்பா, கோண்டாவில்)

பதில்: ஐயா, நீங்கள் புகழ்கிற அந்த ஜாம் போத்தல் விளக்குப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. 1974 இல் பிறந்தவள், உயர்தரம் படித்தது போரில் அரசு வடக்குக்குச் சாமான் போக விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில். அந்த விளக்கு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெறும் போத்தல், அடியில் ஒரு பிடி பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் பிடித்து நிறுத்திய திரி, அவ்வளவுதான். ஒரு விளக்கைச் சுற்றி மூன்று பேர் படிப்போம். நித்திரை தூங்கித் தலை முன்னுக்குச் சாய்ந்தால் நெற்றி மயிர் பொசுங்கும், காலையில் முகம் கழுவினால் மூக்குக்குள்ளிருந்து கரி வரும்.

ஆனால் ஐயா, அந்த நேரம் எங்களை ஒருவரும் புகழவில்லை. எங்கள் அப்பாச்சி படலையில் நின்று சொல்லுவா, "பெட்டையள் ஆம்பிளைச் சைக்கிள்ல ரியூட்டரி ரியூட்டரியாத் திரியுதுகள், இதுகளெல்லாம் எங்கை குடும்பம் நடத்தப் போகுதுகள்" என்று. அப்பாவின் கூட்டாளி ஒருவர், நிறைய வாசித்தவர், எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கவலைப்படுவார்: 1981 இல் நூலகம் எரிந்ததோடு யாழ்ப்பாணத்தில் வாசிப்பும் எரிந்துவிட்டது, இந்தப் பிள்ளைகள் ரியூசன் நோட்ஸைப் பாடமாக்கிச் சோதனை பாஸ் பண்ணுகிற கூட்டம், ஒரு நல்ல புத்தகம் தொட்டதில்லை என்பார். நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தது உண்மை. அது அவருடைய நெஞ்சில் எரிந்தபடியே இருந்தது. ஆனால் அந்த நெருப்பின் வழியாக எங்களைப் பார்த்தபடியால், பத்திரிகை கொப்பித் தாளில் அச்சாகி வந்த அந்த நாட்களில் ஒரு கதைப் புத்தகம் ஒழுங்கை முழுவதும் கைமாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் தொலைந்து, முடிவை ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொண்டு நாங்கள் வாசித்தது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜோன் புரொட்ஸ்கோ, ஜொனதன் ஸ்கூலர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2019 இல் வெளியிட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெரியவர்களிடம் இன்றைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நிறைய வாசிப்பவர்கள்தான் "இன்றைய பிள்ளைகளுக்கு வாசிப்பு இல்லை" என்று கூடுதலாகச் சொன்னார்கள். பெரியோருக்கு அடங்கி நடக்கவேண்டும் என்று உறுதியாக நினைப்பவர்கள்தான் "மரியாதை இல்லை" என்று கூடுதலாகச் சொன்னார்கள். அதாவது நமக்கு எது நன்றாக வாய்த்ததோ அதுதான் பிள்ளைகளிடம் இல்லாததாகத் தெரிகிறது. அதோடு, இன்று நாம் எப்படி இருக்கிறோமோ அப்படியேதான் அன்றைய பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். உங்கள் வகுப்பில் உங்களோடு படித்தவர்கள் எல்லாருமா ஐயா புத்தகம் வாசித்தார்கள்? பின்வாங்கில் இருந்தவர்களையும் ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

நானும் இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன், அதையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெடியன் ஒவ்வொரு நாளும் முதல் பாடத்தில் நித்திரை. ஒரு நாள் எல்லார் முன்னிலையிலும் "இரவிரவாப் போன், பகல்ல நித்திரை, என்ன பிள்ளைகளடா நீங்கள்" என்று ஏசிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைத் திருப்பித் தரும்போதுதான் கையைப் பார்த்தேன். விரல் மடிப்புகளில் எல்லாம் மெல்லிய நீள வெட்டுகள், சில காய்ந்து, சில பச்சையாக. தங்கூசி வலை இழுத்த வெட்டு. தகப்பனுக்கு நாரி ஏலாமல் போனபிறகு இரண்டு மணிக்கு எழும்பிக் கடலுக்குப் போய்விட்டு, குளித்து, சேட்டு மாற்றி, பள்ளிக்கூடம் வந்திருக்கிறான். அடுத்த நாள் அதே வகுப்பில், எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையைப் பற்றியும் "போன்" என்ற ஒரு சொல்லோடு முடிவு கட்ட எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் பேரப்பிள்ளைகள் போனில் கூடுதலான நேரம் செலவழிக்கிறார்கள் என்றால் அதைக் கண்டியுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முன் ஒரு நாள் பக்கத்தில் இருந்து என்ன பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பாதி குப்பையாகத்தான் இருக்கும். மீதியில் வேதியியல் பாடமும் இருக்கலாம், மோட்டார் சைக்கிள் எஞ்சின் கழற்றிப் பூட்டுவதும் இருக்கலாம்.

கேள்வி: சுன்னாகத்தில் கடை வைத்திருக்கிறேன், 1981 இல் பிறந்தவன். மகனும் அவனுடைய கூட்டாளிமாரும் நான் எதைச் சொன்னாலும் "பூமர் அங்கிள்" என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? நான் கோபப்பட வேண்டுமா?

பதில்: தம்பி, அது அமெரிக்காவில் இருந்து வந்த சொல். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அங்கே பிள்ளைப்பேறு திடீரென்று கூடியது, அப்படி 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களை பேபி பூமர் என்றார்கள். பிறகு வந்தவர்களுக்கு எக்ஸ், மிலேனியல், இசட் என்று பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். அந்தக் கணக்கின்படி பார்த்தால் 1981 இல் பிறந்த நீங்கள் பூமரே இல்லை, மிலேனியல். இந்தப் பெயர்களைப் பரப்பியவர்களில் முக்கியமான, அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையமே 2023 இல், இனிமேல் இவற்றை யோசித்து, குறைத்துத்தான் பாவிப்போம் என்று அறிவித்துவிட்டது. ஆனால் உங்கள் மகன் அந்தக் கணக்கில் சொல்லவில்லை, "பழைய ஆள், அறிவுரை சொல்லிக் கொல்லுகிறார்" என்ற பொருளில் சொல்கிறான். அதற்குக் கோபப்படத் தேவையில்லை. எங்கள் காலத்தில் "பழைய பஞ்சாங்கம்" என்றோம்.

எனக்கு இதில் இருக்கிற குறை வேறு. அந்தப் பெயர்கள் எல்லாம் வேறொரு நாட்டின் வாழ்க்கையை வைத்துப் போட்ட கோடுகள், எங்கள் ஊருக்குப் பொருந்தாது. 1990 இல் கொழும்பு–யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி நின்றபோது உங்களுக்கு ஒன்பது வயது. அது திரும்பி யாழ்ப்பாணம் வந்த 2014 ஒக்ரோபரில் முப்பத்துமூன்று. அந்த இடைவெளிக்கு அமெரிக்காவில் யாரும் பெயர் வைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து வலிகாமமே இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நகர்ந்த அந்த இரவில், உங்களுக்குப் பதினான்கு. பதினேழு வயதில், 1998 இல், கொழும்புக்குப் போவதென்றால் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்துக் கிடந்து, திருகோணமலையால் சுற்றிப் போகவேண்டும். இன்று உங்கள் மகன் இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பில் இறங்குகிறான்.

ஒரு ஆளை விளங்கவேண்டும் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பதினேழு வயதில் எங்கே நின்றீர்கள்? எதற்குப் பயந்தீர்கள், எதற்கு வரிசையில் நின்றீர்கள்? அந்த வயதில் படிந்தது லேசில் போகாது. கடையில் ஒரு பை அரிசி கூடுதலாக வாங்கி வைக்கிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், மகன் அதை "பூமர் குணம்" என்று சிரிப்பான் என்று நினைக்கிறேன். அது எங்கே இருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

கேள்வி: நான் 2005 இல் பிறந்தவள். வீட்டில் நான் என்ன சொன்னாலும் "நாங்கள் பட்ட கஷ்டம் உங்களுக்கு எங்கை தெரியும்" என்பதுதான் பதில். சோதனைக்குப் பயமாக இருக்கிறது என்றாலும் அதே. தலையிடி என்றாலும் அதே. "நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள்." போர் எனக்கு நினைவில்லாமல் இருப்பது என்னுடைய குற்றமா? எங்களுடைய துயரம் எல்லாம் துயரமே இல்லையா?
(ஒரு மாணவி, மானிப்பாய்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். குற்றமே இல்லை. உங்கள் துயரம் துயரம்தான். இதை முதலில் தெளிவாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தை உங்கள் அம்மாவும் வாசிக்கக்கூடும்.

நினைவில்லை என்கிறீர்கள். ஆனால் நீங்கள் அங்கே இருந்தீர்கள். 2006 ஓகஸ்ட் 11 அன்று யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டப்பட்டபோது நீங்கள் தவழ்ந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் சுவர் பிடித்து நடந்திருப்பீர்கள். எல்லாச் சாமானும் கப்பலில் வரவேண்டும். மா, சீனி, பால்மா எல்லாவற்றுக்கும் வரிசை. ஊரடங்குச் சட்டம் எடுத்திருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் போய், நின்று, வாங்கி, திரும்பி ஓடி வரவேண்டும். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க நின்ற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன், இடுப்பில் பிள்ளை, கையில் குடும்ப அட்டை. உங்கள் அம்மாவும் நின்றிருப்பா. கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்கே தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டினார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன், அதற்கு டேற்றா போடக் காசு தேடவேண்டும், சிக்னலுக்காக மதிலில் ஏறி இருந்த பிள்ளைகள் உண்டு. இன்று நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் ஏசுகிற அதே போனுக்குள்தான் அன்று உங்கள் பள்ளிக்கூடத்தை வைத்தோம். 2021 டிசம்பரில் எழுதவேண்டிய சாதாரண தரச் சோதனையை நீங்கள் 2022 மே மாதத்தில் எழுதினீர்கள், பெற்றோலும் இல்லை, காசும் இல்லை, அதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அந்த மார்ச் கடைசியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் தாய் அலுமாரிக்கு மேலிருந்து பழைய லாம்பை இறக்கித் துடைத்ததைக் கண்டேன். சிமினியைப் பழைய சீலைத் துணியால் துடைத்துக்கொண்டே, "இதை இனி எடுக்க வேண்டி வராது எண்டு நினைச்சனான்" என்று மட்டும் சொன்னா. பிறகு மண்ணெண்ணெய்க்கு வரிசை. எங்கள் பதினேழு வயதில் நாங்கள் நின்ற அதே வரிசை. ஆகவே "உங்களுக்கு எங்கை தெரியும்" என்று உங்களைப் பார்த்துச் சொல்வது நியாயமில்லை. கொஞ்சம் தெரியும்.

இனி உங்கள் பக்கம். அவர்கள் ஏன் திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார்கள்? என் அனுபவத்தில், எங்கள் வயதுக்காரர் பலருக்கு அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்க இந்த ஒரு வசனத்தைத் தவிர வேறு வழி தெரியாது. இருந்து ஆறுதலாகக் கதைத்ததே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. ஆகவே உங்கள் தலையிடிக்குப் பதிலாக அவர்களுடைய பங்கர் வந்து விழுகிறது.

எனவே அடுத்த முறை அந்த வசனம் வந்தவுடன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாமல், "எந்தப் பங்கர்? வளவில எந்த இடத்தில? ஆர் வெட்டினது?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் மாமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் வெட்டினார்கள். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. உள்ளே போனால் முதலில் வருவது ஈரமண் மணம், பிறகு யாரோ நெஞ்சு பதறி மூச்சு விடுகிற சத்தம். என் தம்பி கணக்குக் கொப்பியைக் கொண்டு வருவான், ஆனால் ஒரு கணக்கும் செய்ததில்லை, சும்மா மடியில் வைத்திருப்பான். "பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள்" என்று சொல்கிறோம் அல்லவா, உண்மையில் அங்கே ஒருவரும் படிக்கவில்லை தங்கச்சி. பயந்துகொண்டு இருந்தோம். உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். அதை அவர் வாயால் சொல்லிவிட்டால், சோதனைக்குப் பயம் என்று நீங்கள் சொல்வது அவருக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

தலையிடி தொடர்ந்து இருந்தால் வைத்தியரிடம் போங்கள். அதை யாருடைய கஷ்டத்தோடும் நிறுத்துப் பார்க்கவேண்டாம்.

கேள்வி: மருமகள் காலை ஆறரைக்குப் பஸ் ஏறி வேலைக்குப் போய் மாலை ஆறுக்குத்தான் வருகிறாள். இடியப்பம் கடையில், தூள் பக்கெற்றில். எங்கள் காலத்தில் எல்லாம் கையால்தான். இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பல் கூடிவிட்டதா?
(ஒரு மாமியார், வயது 66, பருத்தித்துறை)

பதில்: இல்லை அம்மா. நீங்கள் கலியாணம் முடித்த காலத்தில் மிளகாயை வறுத்து மில்லில் கொடுத்துத் திரித்திருப்பீர்கள். உங்கள் மாமியார் உரலில் இடித்தவ. மில் தூளில் வாசம் இல்லை, சூடேறிக் கருகிப்போகுது என்று அவ உங்களுக்குச் சொல்லாமலா இருந்திருப்பா? உங்கள் மருமகள் காலை ஆறரைக்குப் பஸ் ஏறி மாலை ஆறுக்கு வீடு வருகிற பெண் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். கடை இடியப்பத்தை அவிப்பதும் பெரும்பாலும் இன்னொரு பெண்தான், அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி. தூள் நல்லதாக வேண்டும் என்றால் மாதம் ஒரு முறை நீங்களும் மகனும் சேர்ந்து வறுத்துத் திரிப்பியுங்கள். மகனைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

கேள்வி: 1985 இல் வெளிக்கிட்டு இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 61. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றேன். பெடியள் எல்லாரும் பெரிய மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறார்கள், சந்திக்குச் சந்தி கூட்டம், ஒருவரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை. நாங்கள் குளிருக்குள் இரண்டு வேலை செய்து அனுப்பின காசுதான் இவர்களைக் கெடுத்ததா?

பதில்: அண்ணை, இரண்டு வேலை செய்து அனுப்பினீர்கள், அந்தக் காசில் இங்கே வீடு எழும்பியது, தங்கச்சிமாருக்குக் கலியாணம் நடந்தது, பலருக்கு உயிரும் மிஞ்சியது. அதை மறந்து "வெளிநாட்டுக்காரர் படம் காட்ட வருகினம்" என்று இங்கே சிலர் சொல்லும்போது எனக்கு மனம் நோகும். அதே நோவுதான் உங்கள் கடிதத்தை வாசிக்கும்போதும் வந்தது.

திருவிழாக் காலத்தில் பின்னேரம் கோயில் வீதியில் நின்றால் மோட்டார் சைக்கிள்தான் தெரியும். வேலை செய்கிற பெடியள் அந்த நேரம் அங்கே நிற்கமாட்டார்கள், நின்றாலும் வேலை முடித்து, குளித்து, நல்ல சேட்டுப் போட்டு நிற்பார்கள். அடுத்த முறை வரும்போது விடியப்புறம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வெங்காய மூட்டை, வாழைக்குலை இறக்குகிறவர்களில் எத்தனை பேர் இருபதுகளில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சீமெந்து குழைக்கிறவர்கள், சுப்பர்மார்க்கற் லாச்சியில் இருந்துகொண்டே பின்னேரம் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள், வேலை இல்லாமல் கட்டாருக்குப் போகப் பாஸ்போட் எடுத்து வைத்திருக்கிறவர்கள், எல்லாரும் இந்தப் பெடியள்தான். வாள்வெட்டும் போதையும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஊரில் இருக்கிற எங்களுக்கு அந்தப் பயம் உங்களை விடக் கூட. ஆனால் அதைச் செய்கிற சிலருக்காக, தாடி வைத்த ஒவ்வொரு பெடியனையும் மறித்துப் பார்க்கிற கண்ணோடு ஊரே பார்த்தால் அவன் எங்கே போவான்?

உங்களுக்கு 1981 இல் பதினேழு. பின்னேரம் எங்கே நின்றீர்கள்? வாசிகசாலையடியில், மதகில், கூட்டாளிமாரோடு. "மதகில குந்தியிருக்கிறதுகள்" என்றுதான் அப்போது பெரியவர்கள் உங்களைச் சொன்னார்கள். நான் சின்னப் பிள்ளையாக அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அந்த மதகில் இருந்தவர்கள்தான் பிறகு ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்தார்கள்.

காசு கெடுத்ததா என்று கேட்டீர்கள். சில வீடுகளில் கெடுத்திருக்கிறது, மறைக்கவில்லை. காசு மட்டும் போய், கதை பேச்சு ஒன்றும் போகாத வீடுகளில் அதைக் கண்டிருக்கிறேன். மாமா என்றால் மாதம் ஒரு முறை வருகிற எஸ்எம்எஸ், இவ்வளவு வரவு என்று. நீங்கள் மருமகனோடு வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் கதைத்து, என்ன படிக்கிறாய், என்ன பழக விரும்புகிறாய், அதற்கு எவ்வளவு முடியும் என்று கேட்டு அனுப்பினால் அந்தக் காசு வேறு மாதிரிப் போகும்.

கேள்வி: உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் பெரியவர்களோடு மோதியது முன்பும் நடந்திருக்கிறதா, அல்லது இப்போதுதானா?
(சாவகச்சேரி)

பதில்: தம்பி, நிறைய நடந்திருக்கிறது. 1924 இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தொடங்கியது, பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னணி ஆள். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதளவில்தான். சாதி வேறுபாட்டை எதிர்த்தார்கள், நாட்டுக்கு முழு விடுதலை வேண்டும் என்றார்கள். காந்தியை அழைத்தார்கள், அவரும் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். அந்தக் காலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற சம ஆசன விதி பள்ளிக்கூடங்களுக்கு வந்தபோது அதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தவர்கள் இங்கே இருந்தார்கள். படித்த பெடியள் ஊர் வழக்கத்தைக் குழப்புகிறார்கள் என்பது அன்றைய பெரியவர்கள் பலருடைய முறைப்பாடு. இந்த விடயத்தில் பெடியள்தான் சரி. இன்று அதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் முகமில்லை.

ஆனால் அதே வாலிபர்கள், முழு விடுதலை தரவில்லை என்று 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். வடக்கில் நான்கு தொகுதிகளுக்கு ஒருவரும் நியமனப் பத்திரம் போடவில்லை, 1934 வரை அந்த இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. அதில் பெரியவர்களின் கவலைக்கு நியாயம் இருந்தது என்பது என் கருத்து, உங்கள் ஆசிரியருக்கு வேறு கருத்து இருக்கலாம், கேட்டு வாதாடுங்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியாரையும் உள்ளே விடவேண்டும் என்று ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோதும் இதே மோதல். இந்தப் பக்கத்தின் முதல் கடிதத்தை எழுதிய கோண்டாவில் ஐயாவுக்கு அந்த வருடம் பதினேழு. ஐயா, அந்த நேரம் உங்கள் வீட்டில் என்ன கதைத்தார்கள், நீங்கள் யார் பக்கம் நின்றீர்கள் என்று எழுதி அனுப்பினால் இந்தத் தம்பிக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். அடுத்த இதழில் போடுகிறேன்.

கேள்வி: வயது 15. என்ரை தலைமுடியைப் பார்த்து அப்பப்பா ஒவ்வொரு நாளும் ஏசுகிறார். "ரவுடி வெட்டு" என்கிறார். எனக்கு அவரில் விருப்பம், ஆனால் பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறது. என்ன செய்ய?
(உரும்பிராய்)

பதில்: தம்பி, வீட்டில் பழைய படங்கள் வைத்த பெட்டியோ அல்பமோ இருக்கும், இடம்பெயர்வுகளில் தப்பியிருந்தால். அதில் அப்பப்பாவின் எழுபதுகளின் படம் ஒன்றைத் தேடிப் பார். பெரும்பாலும் பெல்பொட்டம் போட்டு, காது மறைக்க முடி விட்டு, கன்னத்தில் நீளக் கிருதாவோடு நிற்பார். அந்த வெட்டுக்கு அவருடைய அப்பாவிடம் அவரும் ஏச்சு வாங்கியிருப்பார்.

படத்தைக் காட்டி "நீங்கள் மட்டும்?" என்று கேட்டுவிடாதே, அப்படிக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். கொண்டுபோய் மடியில் வைத்து, இது எந்த ஸ்ரூடியோவில் எடுத்தது, பக்கத்தில் நிற்கிற ஆள் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேள். அவர் கண்ணாடியைத் தேடுவார், எடுத்துக் கொடு. படத்தை வெளிச்சத்துக்குப் பிடிப்பார். பக்கத்தில் நிற்கிறவர் இப்போது உயிரோடு இல்லாமலும் இருக்கலாம், அப்படியென்றால் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லமாட்டார், நீயும் அவசரப்படாதே. அன்றைக்கு ரியூசன் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள், கதை தொடங்கினால் லேசில் முடியாது.